பெயர் மறைத்த தாள்கள்

கி.பி. 1057ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சோங் அரசின் தலைநகராகிய கைஃபெங்கில், அரசுப்பணிக்கு அறிஞரைத் தெரிந்தெடுக்கும் உயர்நிலைத் தேர்வின் விடைத்தாள்கள் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தன. தலைமைத் தேர்வாளர் ஓயாங் சியூ. கவிஞர், வரலாற்றறிஞர், அக்காலச் சீன உரைநடைக்குப் புதுவழி காட்டியவர். உடன் தேர்வாளராக இருந்த கவிஞர் மெய் யாவ்சென் ஒரு தாளைக் கண்டெடுத்து அவரிடம் அளித்தார். படித்த ஓயாங் சியூ வியந்தார். முதலிடத்திற்கு உரிய கட்டுரை அது. ஆயின் அதன் நடை, தம் மாணாக்கர் செங் கோங்கின் நடையாக அவருக்குத் தோன்றியது. தம் மாணாக்கருக்குத் தாமே முதலிடம் கொடுத்துவிட்டதாக உலகம் பழிக்கும் என்று அஞ்சி, அதனை இரண்டாமிடத்தில் வைத்தார். மறைத்திருந்த பெயர் பிரிக்கப்பட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. எழுதியவர் செங் கோங் அல்லர். மேற்கே சிச்சுவானிலிருந்து தம் தம்பியோடு தேர்வெழுத வந்திருந்த இருபது வயது இளைஞர் சூ ஷி. பின்னாளில் சோங் காலத்தின் பெருங்கவிஞராகப் போற்றப்பட்டவர் அவரே.

அக்கட்டுரையில் பழங்கால அரசர் ஒருவரைப் பற்றிய ஒரு செய்தியைச் சூ ஷி எடுத்துக்காட்டியிருந்தார். அது எந்த நூலில் உள்ளது என்று தேர்வாளர்களுக்கு விளங்கவில்லை. பிறகு கேட்டபோது, அப்படித்தான் நடந்திருக்கும் என்று தாமே கருதிக்கொண்டதாக அவர் விடையளித்தாராம். ஆய்வேடு எழுதும் மாணவர் எவரும் இதனை முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பது நலம்.

இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பெயர் மறைக்கப்பட்டது ஓரவஞ்சனையைத் தடுப்பதற்காக. நேர்மையாளரான ஓயாங் சியூவோ, மறைந்திருந்த பெயரை ஊகித்து, அவ்வூகத்திற்கு அஞ்சி, உரிய இடத்தைக் குறைத்தார். தேர்வில் நடுவுநிலை என்பது எத்துணைச் சிக்கலானது என்பதற்கு இதுவே தக்க சான்றாகும். ஏறத்தாழ 1300 ஆண்டுகள் தேர்வெழுதிய நாடு சீனம். சுய் அரச மரபின் காலத்தில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்விட்ட அம்முறை 1905இல்தான் நீக்கப்பட்டது. அதன் நெடிய வரலாற்றை, நேர்மையான தேர்வு ஒன்றைத் தேடிய வரலாறு என்றே கூறலாம்.

பெயர் தெரிந்த காலம்

தாங் அரசர் காலத்தில் விடைத்தாளில் பெயர் வெளிப்படையாகவே இருந்தது. அது மட்டுமன்று; தேர்வுக்கு முன்பே தம் படைப்புகளைச் சுருளாக்கி, தலைநகரிலுள்ள பெரியோர் வாயிலில் கொண்டுபோய்க் கொடுப்பது ஏற்கப்பட்ட வழக்கமாகவும் இருந்தது. புரவலரின் பரிந்துரை தேர்வாளரின் செவிக்கு எட்டும். ஆண்டொன்றுக்குத் தேறியோர் முப்பதின்மரை எட்டுவதே அரிது. வாயில்தோறும் நின்ற கவிஞர் கூட்டம் எத்துணைப் பெரிதாய் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

828இல் து மு என்னும் இளங்கவிஞர் தேர்வுக்கு வந்தார். வு வுலிங் என்ற முதிய அறிஞர், தேர்வாளர் சுயி யெனுக்கு நடந்த வழியனுப்பு விருந்துக்கே சென்று, து முவின் படைப்பைப் படித்துக்காட்டி, முதலிடம் வேண்டினார். முதலிடம் முன்னரே ஒருவருக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்றார் தேர்வாளர். அடுத்தடுத்த இடங்களும் அவ்வாறே. இறுதியில் ஐந்தாமிடம் உறுதியாயிற்று. து மு ஒழுக்கத்தில் கட்டுப்பாடற்றவர் என்று சிலர் தடை சொன்னபோது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி அவர் கசாப்புக்காரராகவே இருந்தாலும் மாற்ற இயலாது என்று சுயி யென் மறுத்துவிட்டாராம். து மு பெருங்கவிஞர் என்பதில் ஐயமில்லை. ஆகவே பரிந்துரை இங்குத் தகுதியைத்தான் கண்டது. தேர்வு நடைபெறுவதற்கு முன்பே ஐந்து இடங்கள் முடிந்துவிட்டன என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

பரிந்துரை இல்லாதவர் கதி வேறு. சீனக் கவிதையின் சிகரமாகிய து ஃபு 736இல் தேறவில்லை. 747இல் பேரரசர் நாடெங்குமுள்ள திறனாளரை அழைத்து நடத்திய சிறப்புத் தேர்விலும் எழுதினார். அமைச்சர் லி லின்ஃபு ஒருவரையும் தேறவிடவில்லை. தகுதியுடையோர் அனைவரும் முன்னரே அரசுப்பணிக்கு வந்துவிட்டனர், வெளியில் எவரும் எஞ்சவில்லை என்று அரசரிடம் வாழ்த்துச் சொன்னார். லி ஹெ என்ற கவிஞரைத் தேர்வெழுதவே விடவில்லை. அவர்தம் தந்தையின் பெயரொலியும் தேர்வின் பட்டப்பெயரொலியும் ஒத்திருந்தமையால், அப்பட்டத்தை ஏற்பது தந்தை பெயரை அவமதிப்பதாகும் என்றனர். ஹான் யூ போன்ற பேரறிஞர் இதனை எள்ளிக் கட்டுரை வரைந்தும் பயனில்லை. லி ஹெ இருபத்தேழு வயதளவிலேயே மறைந்தார்.

பெயரை ஒட்டி மறைக்கும் எண்ணம் தாங் காலத்திலேயே ஒருமுறை தலைகாட்டியதுண்டு. பேரரசி வு ட்செதியென் அதிகாரிகளைத் தெரிந்தெடுக்கும் தேர்வில் அதனைப் புகுத்திப் பார்த்தார், நிலைக்கவில்லை. பெண்கள் எழுத முடியாத தேர்வுக்கு நேர்மையின் முதற்கருவியைத் தந்தது ஒரு பெண்ணின் ஆட்சி.

திரையும் படியும்

சோங் அரசர்கள் அதனை முறையாக்கினர். 992இல் அரண்மனைத் தேர்விலும், 1007இல் தலைநகர்த் தேர்விலும், 1033இல் வட்டாரத் தேர்விலும் பெயர் மறைப்புப் புகுந்தது. பெயர் போனாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்குமே! 1015இல் அதற்கும் வழி கண்டனர். விடைத்தாள் முழுவதையும் எழுத்தர் படியெடுப்பர். வேறு சிலர் மூலத்தோடு ஒப்புநோக்குவர். தேர்வாளர் பார்ப்பது படியை மட்டுமே. பல்லாயிரம் விடைத்தாள்களை ஆளமர்த்திக் கையால் படியெடுத்த அரசு, நடுவுநிலைக்குக் கொடுத்த விலை சிறிதன்று. தேர்வாளரும் வளாகத்துள் வைத்துப் பூட்டப்பட்டனர். 1057இல் ஓயாங் சியூவும் உடனிருந்த ஐவரும் ஐம்பது நாள் அடைபட்டிருந்து, பொழுது போக்கத் தமக்குள் 170க்கும் மேற்பட்ட கவிதைகளைப் பரிமாறிக்கொண்டனர். ஆறு பேர் கொண்ட கவியரங்கம் ஐம்பது நாள் நடந்த செய்தி, இலக்கிய வட்டத்தார்க்குச் சிறிது பொறாமையைக்கூட ஊட்டலாம்.

திரைக்கு அப்பால் நட்புக்கும் இடமில்லை என்பதை 1088ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. இம்முறை தலைமைத் தேர்வாளர் சூ ஷியே. அவர் அன்புக்குரிய இளைஞர் லி ஜி தேர்வெழுதியிருந்தார். ஒரு தாளை லி ஜியுடையது என்று நம்பிச் சூ ஷி மகிழ்ந்ததாகவும், பிரித்தபோது அது வேறொருவருடையதாக இருந்ததாகவும் கூறுவர். லி ஜி தேறவில்லை. மனம் வருந்திய சூ ஷி அவருக்கு ஒரு கவிதை எழுதி அனுப்பினார். நடையைக் கொண்டு ஆளை அறிந்துவிடலாம் என்று ஓயாங் சியூ கொண்ட நம்பிக்கை முப்பத்தோராண்டு கழித்து அவர்தம் மாணாக்கரிடமும் பொய்த்தது. முன்னதில் ஓர் இடம் குறைந்தது; பின்னதில் ஒரு வாழ்வே திசைமாறிற்று. லி ஜி பின்னர் அரசுப்பணி எதையும் பெறவில்லை.

அளவுகோலாகிய யாப்பு

தேர்வில் கவிதை ஏன் கேட்கப்பட்டது என்பது கவிஞர்கள் அறியவேண்டிய செய்தி. நாடாளவிருப்பவர் இயற்கையைப் பாட வேண்டிய தேவை என்ன? தாங் காலத் தேர்வுக் கவிதைக்குப் பன்னிரண்டு அடி, கொடுத்த தலைப்பு, வகுத்த இயைபு, அடிதோறும் ஒலியின் ஏற்றவிறக்கத்திற்குக் கட்டளை. வெண்பாவில் தளை தட்டினால் யாப்பறிந்த எவரும் சுட்டிவிடலாம். அதுபோலவே அங்கும் பிழையை எண்ணிவிடலாம். அரசுக்கு வேண்டியிருந்தது கவிதை அன்று, எண்ணத்தக்க பிழை. ட்சூ யோங் என்ற கவிஞர் தேர்வில் நான்கே அடிகள் எழுதித் தாளைக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்குக் கருத்து நிறைவுற்றது என்றாராம். அந்நான்கடி இன்றளவும் வாழ்கிறது. கட்டளைப்படி முழுமையாக எழுதிக் குவித்த தேர்வுக் கவிதைகளுள் நின்று நிலைத்தவை மிகச் சில. 751இல் சியென் சி எழுதியது அவற்றுள் தலையாயது.

1071இல் அமைச்சர் வாங் ஆன்ஷி கவிதையைத் தேர்விலிருந்து நீக்கினார். அவரும் சிறந்த கவிஞரே. ஆட்சிக்கு உதவாததை இளமை முழுதும் பயில்வது வீண் என்பது அவர் கொள்கை. சூ ஷி அதனை எதிர்த்தார். எதிர்ப்பு கவிதையின் மேன்மை பற்றியதன்று என்பதே வியப்பு. ஆட்சியியல் கட்டுரையும் ஆட்சிக்கு உதவாது, அதற்கு வரையறையும் இல்லை. வரையறை இல்லாதது பயில எளிது, மதிப்பிட அரிது என்றார். பெருங்கவிஞர் ஒருவர் கவிதைக்காக வாதாடியபோது அதனை ஓர் அளவுகோலாகவே முன்வைத்தார். பிற்காலத்தில் எட்டுறுப்புக் கட்டுரை என்னும் இறுகிய வடிவம் அவ்விடத்தைப் பிடித்தது. 1757இல் சிங் பேரரசர் சியென்லோங் கவிதையையும் மீண்டும் சேர்த்தார். காரணம் மாறவில்லை: மதிப்பெண் இடுபவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைய வேண்டும். எல்லார்க்கும் ஒரே கேள்வி, ஒரே அளவு என்னும் தேர்வு எதுவாயினும், அளக்க எளியதைத் தேடிச் செல்வது அதன் இயல்பு.

வடக்கும் தெற்கும்

பெயரும் கையெழுத்தும் மறைந்தபின், புதியதொரு குறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. தேறியோருள் தென்கிழக்கு மாநிலத்தார் பெருகினர். வடமேற்கு மாநிலத்தார் அருகினர். 1064இல் வடபுலத்தைச் சேர்ந்த சிமா குவாங் அரசருக்கு ஒரு கோரிக்கை வைத்தார். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் எழுதுவோர் பதின்மருக்கு ஒருவர் என்னும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அது. தலைநகரின் ஆசிரியர்களும் நடைப்பாங்கும் தொலைவில் உள்ளோர்க்குக் கிட்டுவதில்லை என்பது அவர் எடுத்துக்காட்டிய காரணம். ஓயாங் சியூ மறுத்தார். அவர் தெற்கே ஜியாங்சியின் ஜி வட்டத்தைச் சேர்ந்தவர். தென்கிழக்கின் வட்டாரங்களில் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் எழுத, இருபது முப்பது பேரே தலைநகருக்கு வருகின்றனர். அஃதாவது நூற்றுக்கு ஒருவர். வடமேற்கில் மிகுதியாக எழுதும் இடத்திலும் நூற்றுவர்தாம். அவருள் பத்துக்கு மேற்பட்டோர் வந்துவிடுகின்றனர். அஃதாவது பதின்மருக்கு ஒருவர். அங்கேயே சலுகை பெற்றவர்க்கு இங்கும் சலுகையா? பெயரும் ஊரும் அறியாது திறனை மட்டும் நோக்குவதே நடுவுநிலை என்றார். சிமா குவாங்கின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இருவர் வாதமும் வலிமையுடையன. ஒருவர் தேர்வுக்கூடத்தின் உள்ளிருந்து பேசினார். மற்றவர் வெளியிலிருந்து பேசினார். நுழைவுத்தேர்வு பற்றிய வழக்கு எந்நாட்டில் எழுந்தாலும் இவ்விரு குரல்களும் அங்கே ஒலிப்பதைக் கேட்கலாம்.

தீர்க்கப்படாத வழக்கு 1397இல் குருதி சிந்தியது. மிங் மரபின் முதற்பேரரசர் ஆட்சி. தலைமைத் தேர்வாளர் லியூ சான்வு எண்பது வயதைக் கடந்த தென்னாட்டறிஞர். தேறிய 52 பேரும் தென்னாட்டவர். வடவர் ஒருவர்கூட இல்லை. வடநாட்டு மாணவர் கொதித்தெழுந்து, தேர்வாளர் தம் நாட்டாரைத் தேர்ந்தெடுத்தனர் என்று முறையிட்டனர். பேரரசர் ஜாங் சின் முதலிய பன்னிருவரிடம் தாள்களை மீண்டும் நோக்கும்படி ஆணையிட்டார். அவர்கள் விரும்பியிருந்தால் அரசர் குறிப்பறிந்து சில வடவரைச் சேர்த்துத் தப்பியிருக்கலாம். நோக்கியபின் முந்தைய முடிவு சரியே என்றனர். வேண்டுமென்றே மட்டமான வடநாட்டுத் தாள்களை அரசர் முன் வைத்தனர் என்ற பேச்சு எழுந்தது. பேரரசரின் சினம் எல்லை கடந்தது. ஜாங் சின் கொல்லப்பட்டார். முதலிடம் பெற்ற சென் ஆன் என்ற இளைஞரும் கொல்லப்பட்டார். லியூ சான்வு எல்லைப்புறத்திற்குத் தண்டனையாக அனுப்பப்பட்டார். அரசர் தாமே தாள்களைப் பார்த்து 61 பேரைத் தெரிந்தெடுத்தார். அனைவரும் வடநாட்டவர்.

வரலாற்றாசிரியர் பலரும் லியூ சான்வுவைக் குற்றமற்றவராகவே கருதுகின்றனர். தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை. நல்ல கட்டுரைகளை எடுத்தார். அவை தெற்கிலிருந்து வந்தவை. வடபுலம் தொடர்ந்த போர்களால் நெடுங்காலம் சீரழிந்த நிலம். தெற்கிலோ செல்வமும், அச்சேறிய நூல்களும், கல்விச்சாலைகளும், தலைமுறை தலைமுறையாகத் தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்த குடும்பங்களும் பெருகியிருந்தன. தேர்வாளர் பொய் சொல்லவில்லை. வடவரின் முறையீடும் வெற்றுப்புலம்பல் அன்று. அவர்கள் சுட்டிய குற்றவாளிகள்தாம் தவறானவர்கள். குற்றம் கூடத்தில் நிகழவில்லை. அது நூறாண்டுகளாகக் கூடத்திற்கு வெளியே நிகழ்ந்தது. அதனை அறிய மாட்டாத அரசர், கண்முன் நின்ற நேர்மையாளரை வெட்டினார். 52 தென்னவர் பட்டியலுக்கு மாற்றாக 61 வடவர் பட்டியலை அவர் வெளியிட்டதில் நடுவுநிலையின் நிழல்கூட இல்லை.

அமைதியான தீர்வு 1425இல் வந்தது. பேரரசர் ஹோங்சி வடவரின் குறையை எடுத்துப் பேசியபோது, அமைச்சர் யாங் ஷிச்சி ஒரு வழி சொன்னார். விடைத்தாளில் பெயர் மறைந்தே இருக்கட்டும். புறத்தே தெற்கு, வடக்கு என்னும் ஒரு சொல்லை மட்டும் எழுதிவைப்போம். நூற்றுவரை எடுப்பதாயின் தெற்கில் அறுபதின்மர், வடக்கில் நாற்பதின்மர் என்று கொள்வோம். அரசர் அவ்வாண்டே இறந்தார். 1427இல் இது தெற்குக்கு 55, வடக்குக்கு 35, இரண்டிலும் அடங்காத நடுப்பகுதிக்கு 10 என்னும் அளவில் நடைமுறைக்கு வந்தது. சிங் காலத்தில், 1712இல், மாநிலவாரி ஒதுக்கீடாக விரிந்தது.

யாங் ஷிச்சி வடவர் அல்லர். ஓயாங் சியூவின் குடும்பம் சேர்ந்த அதே ஜியாங்சி மாநிலத்தின் அதே வட்டத்தைச் சேர்ந்தவர். 1064இல் தென்னவர் தெற்குக்காகவும் வடவர் வடக்குக்காகவும் வாதாடினர். 361 ஆண்டுகளுக்குப் பின், தம் ஊரார்க்குக் கிடைக்கும் இடங்களைக் குறைக்கும் வழியை ஒரு தென்னவரே சொன்னார். ஆளின் பெயர் தெரியக்கூடாது, அவன் வந்த நிலம் தெரிய வேண்டும் என்று பிரித்தறிந்தது அவர்தம் நுண்ணறிவு.

வாயிலுக்கு வெளியே

நிலம் எழுதப்பட்ட தாளிலும் எழுதப்படாதவை பல. சிங் காலத்தில் நடிகர், பரத்தையர், நீதிமன்ற ஏவலர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் தேர்வெழுத விலக்கப்பட்டனர். பெண்களோ 1300 ஆண்டுகளும் விலக்கப்பட்டவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் யூ சுவான்ஜி, சாங்கான் நகரில் ஒரு கோயிலுக்குச் சென்றபோது, புதிதாகத் தேறியவர்தம் பெயர்ப்பட்டியலைக் கண்டார். தம் பாத்திறனைப் பெண்ணுடை மறைத்துவிட்டதே என்று நொந்து நான்கடிக் கவிதை ஒன்று எழுதினார். தாளில் பெயரை மறைக்கத் தெரிந்த அரசுகள் பல வந்தன. அவருக்குத் தாள் கொடுத்த அரசு ஒன்றும் வரவில்லை.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. கொரியாவும் வியட்நாமும் நெடுங்காலம் இதனைப் பின்பற்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பரிந்துரைக்கு மாற்றாகப் போட்டித்தேர்வு வேண்டும் என்றோரும் வேண்டா என்றோரும் சீனத்தைப் பெயர் சொல்லியே வாதிட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தம் உறவினர்க்குப் பதவி வழங்கிய உரிமையை 1853ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1855இல் இந்திய ஆட்சிப்பணிக்கு முதற்போட்டித்தேர்வு இலண்டனில் நடைபெற்றது. மெக்காலே தலைமையிலான குழு 1854இல் வகுத்த மதிப்பெண் பட்டியலில் கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்திற்கும் அரபிக்கும் 375 வீதம். ஆளப்போகும் மக்களின் மொழிகளாகிய தமிழ், வங்கம் முதலியவற்றிற்குப் போட்டியில் இடமே இல்லை. தேர்வு எவர்க்கும் திறந்திருந்தது. கப்பலேறி இலண்டன் சேரும் எவர்க்கும். 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். 1870களின் பிற்பகுதியில் உச்ச வயது 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. இந்திய மண்ணில் அத்தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சீனத்தில் பழைய தேர்வு ஒழிந்தபின், 1952இல் பல்கலைக்கழகங்களுக்கான நாடு தழுவிய நுழைவுத்தேர்வு பிறந்தது. பண்பாட்டுப் புரட்சி 1966இல் அதனை நிறுத்தியது. பின்னர்ப் பல்கலைக்கழகங்கள் மீண்டும் திறந்தபோது, உழவர், தொழிலாளர், படைவீரர் என்போரைப் பணியிடத்தின் பரிந்துரை கொண்டு சேர்த்தனர். ஏழைக்கு வழிவிடும் ஏற்பாடாகச் சொல்லப்பட்ட அது, நாளடைவில் கட்சி அதிகாரிகளைத் தெரிந்தவர்க்கு வழிவிட்டது. சுருளேந்தி வாயில்தோறும் நின்ற தாங் காலம் வேறுருவில் திரும்பிற்று எனலாம். 1973இல் பரிந்துரையோடு ஒரு தேர்வையும் சேர்க்க முயன்றனர். லியாவ்னிங் மாநிலத்தில் ஜாங் தியெஷெங் என்ற இளைஞர் இயற்பியல் வேதியியல் தாளில் 6 மதிப்பெண்ணே பெற்றார். வயலில் உழைத்தமையால் படிக்க நேரமில்லை, உழைப்பைத் தட்டிக்கழித்துப் படித்தவர்கள் முந்துகின்றனர் என்று அத்தாளின் பின்புறத்தில் ஒரு கடிதம் எழுதினார். நாளேடுகள் அதனை வெளியிட்டு அவரை வீரராக்கின. கல்லூரியில் இடமும் கிடைத்தது. சிமா குவாங் சொன்னதில் ஒரு துளி அக்கடிதத்திலும் உண்டு. அதனை அரசியலார் கையிலெடுத்தபோது, நேர்மையாகப் படித்த ஏழையே முதலில் அடிபட்டார்.

1977 அக்டோபரில் நுழைவுத்தேர்வு மீளும் என்ற அறிவிப்பு வந்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 57 இலட்சம் பேர் எழுதினர். வினாத்தாள் அச்சிடக் காகிதம் போதாமல், மாவோவின் தொகைநூல் ஐந்தாம் பகுதிக்கு ஒதுக்கிய காகிதத்தைப் பயன்படுத்தினர். பத்தாண்டுகளாக ஊர்ப்புறங்களில் உழன்ற முப்பது வயதினரும், பள்ளி முடித்த சிறுவரும் ஒரே அறையில் அமர்ந்தனர். இடம் பெற்றோர் ஏறத்தாழ 2,70,000 பேர். பெண்களும் அவருள் இருந்தனர்.

மாநிலவாரி ஒதுக்கீடு இன்றும் தொடர்கிறது. ஆனால் அதன் திசை மாறிவிட்டது. பெரும் பல்கலைக்கழகங்கள் குவிந்துள்ள பெய்ஜிங், ஷாங்காய் நகரங்களில் பதிவுபெற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவற்றில் இடம் பெறுவது எளிது. மக்கள்தொகை மிகுந்த ஹெனான் போன்ற மாநிலத்தார்க்கு அரிது. பின்தங்கிய நிலத்தைத் தூக்கிவிட 1425இல் தாளின் புறத்தே எழுதிய சொல், முன்னேறிய நகரத்தார்க்குக் காப்பாகவும் பயன்படுகிறது. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் பெருநகர் வந்த தொழிலாளரின் பிள்ளைகள் பலர், அங்கேயே வளர்ந்து படித்தும், தேர்வுக்கு மட்டும் பெற்றோரின் பதிவுள்ள மாநிலத்திற்குத் திரும்ப வேண்டியவராயினர். 2012இல் நடுவண் அரசு இதனைத் தளர்த்தும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பல மாநிலங்கள் இணங்கின. பெய்ஜிங்கும் ஷாங்காயும் கடுமையான நிபந்தனைகளை வைத்துக்கொண்டன.